தை அமாவாசைக்கு அம்மாவைப் பிரயாகை, காசி, கயா கூட்டிப் போகலாமா?

உறையூர்க்காரன்

எல்லாருக்கும் வணக்கம். அப்பா காலமாகி வருஷத் திதியும் கொடுத்தாயிற்று. அதிலிருந்து அம்மா ஒரே பிடியாக நிற்கிறார்: தை அமாவாசை அன்று திரிவேணியில் முழுக்குப் போடணும், அப்படியே காசி, அப்புறம் கயாவில் அப்பாவுக்குப் பிண்டம். ராமேஸ்வரம் போய் மணல்கூட எடுத்துவந்து பூஜை அலமாரியில் வைத்துவிட்டார், இனி நான் தட்ட முடியாது.

அம்மாவுக்கு 71 வயது. சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது, ஆனால் இரண்டு முழங்காலும் தேய்மானம். சமதளத்தில் மெதுவாக நடப்பார், படி என்றால் பக்கத்தில் ஒரு ஆள் வேண்டும். நான், மனைவி, அம்மா மூன்று பேர்தான். எங்கள் யாருக்கும் ஹிந்தி வராது. லீவு ஒரு வாரம், கெஞ்சினால் இன்னும் இரண்டு நாள் கிடைக்கும்.

மச்சான் ஒருத்தர் போய்வந்து, காசி என்றாலே ஏமாற்று, அழுக்கு, கூட்டம், பேசாமல் டூர் பஸ்ஸில் ஏற்றிவிடு என்கிறார். டூர்க்காரர்களின் பட்டியலைப் பார்த்தால் அதே ஒரு வாரத்தில் அயோத்தி, நைமிசாரண்யம் எல்லாம் சேர்த்து வைத்திருக்கிறார்கள், அம்மா கால் அதற்குத் தாங்காது என்று எனக்குத் தோன்றுகிறது. நாமே போனால் எந்த ஊர் முதலில், எங்கே தங்குவது, படி இறங்காமல் கங்கையில் குளிக்க வழி உண்டா, இதையெல்லாம் போய்வந்தவர்கள் சொன்னால் உபகாரமாக இருக்கும்.

ரயில்பைத்தியம்

சார், மற்றதெல்லாம் அப்புறம், முதலில் அந்தத் தேதியை மாற்றுங்கள்.

டிசம்பர் பாதியிலிருந்து ஜனவரி முழுக்க அந்தப் பக்கம் மூடுபனி. நாலைந்து மணி நேரம் லேட் என்பது அங்கே சாதாரணம், சில நாள் அதற்கு மேலும் போகும். ஒரு வண்டியை நம்பி அடுத்த வண்டிக்கு டிக்கெட் போட்டால் இரண்டாவது வண்டி போயே போய்விடும். விமானமும் அப்படித்தான், காசி விமான நிலையமான பாபத்பூரில் காலை விமானங்கள் பனி விலகும்வரை காத்துக் கிடக்கும். இது ஒரு பக்கம்.

இன்னொரு பக்கம், நம்ம தை அமாவாசையைத்தான் அங்கே மௌனி அமாவாசை என்கிறார்கள். வருஷா வருஷம் சங்கமத்தில் மாக மேளா நடக்கும், அதில் இருப்பதிலேயே பெரிய ஸ்நான நாள் அதுதான். அன்றைக்கு வண்டிகளை எங்கோ தூரத்தில் நிறுத்திவிடுவார்கள், அங்கிருந்து கிலோமீட்டர் கணக்கில் நடைதான். 2025 கும்பமேளாவில் நெரிசலில் சிக்கிப் பலர் இறந்ததும் இந்த மௌனி அமாவாசை அன்றுதான். முழங்கால் தேய்ந்த அம்மாவை அதற்குள் கூட்டிப் போகிறேன் என்று சொல்வதைக் கேட்டுக்கொண்டு என்னால் சும்மா இருக்க முடியவில்லை, மன்னியுங்கள்.

வண்டி விஷயம்: கன்னியாகுமரியிலிருந்து பனாரஸ் போகும் காசி தமிழ் எக்ஸ்பிரஸ் வாரம் ஒரு முறை, திருச்சியில் நிற்கும். 2023 டிசம்பரில்தான் விட்டார்கள். ராமேஸ்வரத்திலிருந்து பனாரஸுக்கும் வாராந்திர வண்டி ஒன்று உண்டு. இரண்டுமே பிரயாக்ராஜ் சியோக்கி வழி. சியோக்கியில் இறங்கிவிடுங்கள், அது யமுனைக்குத் தெற்கே நைனி பக்கம், சங்கமத்துக்கு அரைல் கரை வழியாகப் போவது சுலபம். பிரயாகையை முடித்துவிட்டுக் காசிக்குக் காரில் போகலாம், சுமார் 120 கிலோமீட்டர், நல்ல ரோடு.

ஸ்டேஷன் பெயரில் குழம்பாதீர்கள். ‘வாரணாசி ஜங்ஷன்’ வேறு, ‘பனாரஸ்’ வேறு (பழைய மண்டுவாடி), ‘காசி’ என்றே ஒரு சின்ன ஸ்டேஷன் வேறு. பழைய முகல்சராய் இப்போது தீனதயாள் உபாத்யாயா ஜங்ஷன், அது கங்கைக்கு அக்கரை. காரில் ஏறும்போது முழுப் பெயரையும் சொல்லுங்கள்.

ஆச்சி வீடு

தம்பி, உங்க அம்மா வயசுதான் எனக்கும், காலும் கிட்டத்தட்ட அதே கால். மேலே தம்பி சொன்னதை நானும் சொல்கிறேன், தை அமாவாசைக்கு அங்கே வேண்டாம். உறையூரில் இருந்துகொண்டு அம்மா மண்டபத்தை விட்டு அன்றைக்கு எங்கே போகணும்? காவிரியில் தர்ப்பணத்தை முடித்துவிட்டு, காசிக்கு மாசி பங்குனியிலோ ஐப்பசி கார்த்திகையிலோ போங்கள். ஆடி ஆவணியும் கூடாது, கங்கை ஏறிவிடும், படியெல்லாம் தண்ணீருக்குள் போய்ப் படகையும் நிறுத்திவிடுவார்கள். சித்திரை வைகாசி வெயில் நம்ம ஊர் வெயிலைத் தூக்கிச் சாப்பிடும்.

தங்குகிற இடம்தான் முக்கியம். ஸ்டேஷன் பக்கத்தில் பெரிய ஹோட்டலாக எடுத்தால் ஒவ்வொரு தடவையும் நெரிசலில் ஆட்டோ பிடித்து, பாதியில் இறக்கிவிடப்பட்டு, மீதியை நடக்கணும். ஹனுமான் காட், கேதார் காட் (காட் என்றால் படித்துறை) பக்கம் எடுங்கள். அங்கே சந்துக்குள் போனால் தமிழ் காதில் விழும், இட்லி கிடைக்கும், காஞ்சி மடம் இருக்கிறது, குமாரசாமி மடம் இருக்கிறது. ஸ்ரீவைகுண்டத்திலிருந்து 17-ஆம் நூற்றாண்டில் அங்கே போன குமரகுருபரர் ஏற்படுத்திய மடம், இன்றைக்கும் கேதாரேஸ்வரர் கோயிலைப் பார்த்துக்கொள்வது அவர்கள்தான். அந்தக் கேதாரேஸ்வரரைக் கட்டாயம் பாருங்கள், லிங்கம் பொங்கலைக் குவித்து நடுவே கோடு போட்டது மாதிரி இருக்கும். விசுவநாதர் கோயில் தள்ளுமுள்ளுக்குப் பிறகு அங்கே உட்கார்ந்தால் எழுந்திருக்கவே மனசு வராது.

எங்கள் நகரத்தார் சத்திரமும் இருக்கிறது, விசுவநாதர் பூஜைக்கான சாமான்கள் அங்கிருந்துதான் நாள்தோறும் போகும், ‘சம்போ சம்போ’ என்று சொல்லிக்கொண்டு எடுத்துப் போவார்கள். தெருவில் நின்று ஒரு தடவை பார்த்துவிடுங்கள், அம்மாவுக்கு ரொம்பப் பிடிக்கும். மீர் காட் அருகே விசாலாட்சி கோயில், அதுவும் நகரத்தார் திருப்பணி, உள்ளே போனால் நம்ம பக்கத்துக் கோயில் மாதிரியே இருக்கும்.

அழுக்கு என்று உங்க மச்சான் சொன்னது பொய்யில்லை. சந்தில் மாடு நிற்கும், சாணி கிடக்கும், பின்னாலிருந்து மோட்டார் பைக் வந்து இடுப்பில் இடிக்கும். அம்மாவுக்குப் புடவையைக் கொஞ்சம் தூக்கிக் கட்டச் சொல்லி, வழுக்காத செருப்பாக வாங்கிக் கொடுங்கள். புதுச் செருப்பு வேண்டாம், கோயில் வாசலில் போய்விடும்.

படகு வழி

அங்கே ஹிந்து பல்கலையில் படித்தவன் நான். ஆச்சி சொன்ன இடத்திலேயே தங்குங்கள், அதற்கு மேல் கொஞ்சம் சேர்க்கிறேன்.

காசியில் வயதானவர்களை அசத்துவது தூரம் கிடையாது, படிதான். அசியிலிருந்து வருணை வரை 84 படித்துறை என்று கணக்கு, ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குக் கரையோரமாக நடந்தே போகலாம், ஆனால் கரையிலிருந்து சந்துக்கு ஏறும்போது பல இடத்தில் மூச்சு வாங்கும், கைப்பிடியும் இருக்காது. அதனால் படகையே உங்கள் வண்டியாக வைத்துக்கொள்ளுங்கள். அசி காட் பக்கத்தில் வண்டி வரும், வடக்கே நமோ காட் வரை வண்டி போகும், சரிவுப் பாதையும் உண்டு. இந்த இரண்டில் ஒன்றில் ஏறி அதிலேயே திரும்பினால் அம்மா ஏற வேண்டிய படி பாதிக்குப் பாதி குறையும். விடியற்காலையில் துடுப்புப் படகு எடுங்கள், மோட்டார் படகு இரைச்சலில் ஒன்றும் ரசிக்காது. நதி அந்த இடத்தில் வடக்கு நோக்கித் திரும்புகிறது, ஊர் முழுக்க மேற்குக் கரையில், எதிர்க்கரை வெறும் மணல் திட்டு, அதனால் சூரியன் தடையில்லாமல் நேரே எதிரில் எழும். கூலியை ஏறும் முன்பே பேசி, ‘ஆளுக்கா, படகுக்கா’ என்பதையும் கேட்டு வாங்கிவிடுங்கள், சண்டை முழுக்க அதில்தான் வரும். லைஃப் ஜாக்கெட் இல்லாத படகில் ஏறாதீர்கள்.

குளிப்பதற்கு: எந்தப் படித்துறையிலும் கடைசிப் படியில் பாசி இருக்கும். உட்கார்ந்து சொம்பால் மொண்டு ஊற்றிக்கொண்டால் போதும், முழுக்கு ஒன்றும் குறைந்துவிடாது. பிரயாகையில் இன்னும் சுலபம், படகில் நடு ஆற்றுக்குப் போனால் அங்கே மரப்பலகை கட்டி, பிடித்துக்கொள்ளக் கழியும் வைத்திருப்பார்கள். தண்ணீர் இடுப்பளவுதான் என்று அவர்கள் சொன்னாலும் நீங்கள் முதலில் இறங்கிப் பார்த்துவிட்டு அம்மாவை இறக்குங்கள்.

விசுவநாதர் கோயில் இப்போது பழைய மாதிரி சந்துக்குள் இல்லை. 2021 டிசம்பரில் திறந்த புது வளாகம், ஆற்றங்கரையிலிருந்து கோயில் வரை விரிந்து கிடக்கிறது. உள்ளே நடுவில் இருப்பது அகல்யாபாய் ஹோல்கர் 18-ஆம் நூற்றாண்டில் கட்டிய அதே சின்னக் கோயில்தான், தங்கத் தகடு பின்னால் மகாராஜா ரஞ்சித் சிங் கொடுத்தது. செல்போன், வாட்ச், பேனா எதுவும் விடமாட்டார்கள், அறையிலேயே வைத்துவிட்டுப் போவது உத்தமம். வெளியே பூக்கடைக்காரர் லாக்கர் இலவசம் என்பார், இலவசம்தான், ஆனால் அவர் கொடுக்கும் பூத்தட்டின் விலையில் அது சேர்ந்திருக்கும். கட்டண தரிசனத்துக்கு ‘சுகம் தரிசனம்’ என்று கோயிலின் சொந்த இணையதளத்திலேயே டிக்கெட் போடலாம். நடுவில் ஒருவர் வந்து ‘நான் உள்ளே அழைத்துப் போகிறேன்’ என்றால் காதில் வாங்காமல் நடங்கள். பெரியவர்களுக்குச் சக்கர நாற்காலி கேட்டால் கிடைக்கும். திங்கட்கிழமையைத் தவிருங்கள்.

மாலை ஆரத்தி தசாசுவமேத காட்டில். கூட்டத்தில் நின்று பார்ப்பது அம்மாவுக்கு ஆகாது, படகில் உட்கார்ந்து பார்க்கலாம், ஆனால் முன்னால் நூறு படகு நெருக்கி நிற்கும். என்னைக் கேட்டால் அசி காட்டில் விடியற்காலை நடக்கும் ஆரத்தி போதும், நாற்காலி போட்டு உட்காரலாம், பின்னாலேயே சங்கீதம் வேறு.

மணிகர்ணிகை பக்கம் படகிலிருந்து பார்த்துக் கும்பிட்டுவிட்டு நகர்ந்துவிடுங்கள். படம் எடுக்கக் கூடாது. கரையில் இறங்கினால் ஒருவர் கூடவே வந்து பிணம் எரிவதைப் பற்றி விளக்கம் சொல்லி, கடைசியில் ஏழைகளுக்கு விறகு வாங்கக் காசு என்று பெரிய தொகை கேட்பார். அந்தக் காசு எந்த ஏழைக்கும் போகாது.

ஹனுமான் காட் பக்கம் தங்கினால் பாரதியார் இருந்த வீடு நடக்கிற தூரம். அத்தை குப்பம்மாள் வீடு, சிவமடம் என்று பெயர். பதினாறு வயதுப் பையனாக அங்கே போய் ஹிந்தியும் சமஸ்கிருதமும் படித்து, தலைப்பாகையும் மீசையுமாகத் திரும்பினார். உங்கள் மச்சான் இதைப் பார்த்தாரா என்று கேளுங்கள், பார்த்திருக்க மாட்டார்.

தீர்த்த சிராத்தம்

வைதிகம் தெரிந்தவன் என்ற முறையில் சுருக்கமாக. தீர்த்தத்தில் செய்யும் சிராத்தத்துக்குத் திதி பார்க்க வேண்டாம், போய்ச் சேர்ந்த நாளே நல்ல நாள். கயாவிலும் எந்த நாளும் பிண்டம் போடலாம். இதை அம்மாவிடம் சொல்லுங்கள், தை அமாவாசைப் பிடிவாதம் இறங்கிவிடும்.

ராமேஸ்வர மணலைப் பிரயாகை சங்கமத்தில் கரைக்க வேண்டும், அங்கிருந்துதான் கங்கை எடுக்க வேண்டும். காசியிலிருந்து தண்ணீரோ மண்ணோ எடுத்து வரும் வழக்கம் கிடையாது. எடுத்த கங்கையை ராமேஸ்வரம் கொண்டுபோய் ராமநாதசுவாமிக்கு அபிஷேகம் செய்தால்தான் யாத்திரை பூர்த்தி. நீங்களும் மனைவியும் போவதால் பிரயாகையில் வேணி தானமும் செய்யலாம். மனைவிக்குப் பின்னல் போட்டு நுனியைக் கத்தரித்துச் சங்கமத்தில் விடுவது, நம் பக்கத்துத் தம்பதிகள் ஆசையாகச் செய்வது.

காசியில் பஞ்ச தீர்த்த சிராத்தம் என்று அசி, தசாசுவமேதம், வருணை சங்கமம், பஞ்ச கங்கை, மணிகர்ணிகை ஐந்திலும் படகில் போய்ச் செய்வார்கள். கால் முடியாத அம்மா படகிலேயே இருக்கலாம். தமிழ் பேசும் சாஸ்திரிகளை இங்கிருந்தே பேசி வைத்துக்கொள்ளுங்கள், பிரயாகை, காசி, கயா மூன்றுக்கும் சேர்த்து தட்சிணை, சாமான், சாப்பாடு, படகு எல்லாம் அடக்கமா என்று கேட்டு எழுதி வாங்குங்கள். கயாவில் தனியாகப் போய் நின்றால் நாலு பேர் சூழ்ந்துகொள்வார்கள்.

கயாவை விடாதீர்கள். கஷ்டம் என்று காசியோடு திரும்பிவிடுகிறவர்கள் உண்டு, எனக்கு அதில் சம்மதம் இல்லை.

படகு வழி

கயா பற்றி மேலே சொன்னவரோடு எனக்குக் கொஞ்சம் கருத்து வேறுபாடு. மகன் போகட்டும், அம்மா போக வேண்டுமா? காசியிலிருந்து சுமார் 250 கிலோமீட்டர், சாசாராம் வழியாகக் காரில் ஐந்தாறு மணி நேரம், ரயிலில் போனால் கொஞ்சம் குறையும். அங்கே பல்குனி ஆற்றங்கரை, விஷ்ணுபாதம், அட்சயவடம் என்று மூன்று இடத்தில் பிண்டம், காலையில் ஆரம்பித்தால் முடிய மதியம் தாண்டிவிடும், அதுவரை பட்டினி. சர்க்கரை உள்ளவருக்கு இது விளையாட்டில்லை. மனைவியோடு அம்மாவைக் காசியில் ஓய்வெடுக்க விட்டுவிட்டு இவர் மட்டும் போய் வரலாமே.

ஆச்சி வீடு

அதெல்லாம் ஆம்பிளைகள் கணக்கு. முப்பது நாற்பது வருஷம் கூட வாழ்ந்தவருக்குப் பிண்டம் போடுகிற இடத்தில் அந்த அம்மா நிற்க வேண்டாமா? பட்டினி மகனுக்குத்தான், அம்மா இட்லி சாப்பிட்டு மாத்திரை போட்டுக்கொண்டு நாற்காலியில் உட்காரட்டும். முதல் நாள் சாயங்காலமே கயா போய் ராத்திரி தங்கிவிட்டால் அலைச்சல் பாதியாகிவிடும். அங்கே ஒரு காய், ஒரு பழம், ஒரு இலை என்று விடச் சொல்வார்கள், விட்டால் பிறகு ஆயுசுக்கும் சாப்பிடக் கூடாது. எதை விடுவது என்று ஊரிலேயே யோசித்து வையுங்கள், அங்கே போய் அவசரத்தில் தக்காளி என்று சொல்லிவிட்டு வந்து ரசத்துக்குத் திண்டாடுகிறவர்கள் எங்கள் வீட்டிலேயே உண்டு.

உறையூர்க்காரன்

எல்லாருக்கும் நன்றி. திதி பார்க்க வேண்டாம் என்பதைப் படித்துக் காட்டினேன், ‘யார் சொன்னது?’ என்று கேட்டார், வைதிகர் என்றதும் சரி என்றுவிட்டார். நான் சொன்னபோது கேட்கவில்லை, அதை விடுங்கள். தை அமாவாசைக்கு அம்மா மண்டபம், யாத்திரை பங்குனியில். சிவராத்திரி, ஹோலி இரண்டும் முடிந்த பிறகு கிளம்பலாம் என்று இருக்கிறேன், சரிதானே? கயாவுக்கும் வருவேன் என்கிறார், கத்தரிக்காயை விடப் போகிறாராம், அவருக்கு ஏற்கெனவே பிடிக்காத காய்.

ஒரே ஒரு சந்தேகம். டிக்கெட் மூன்று பேருக்கும் சேர்த்துப் போடலாமா, அம்மாவுக்குக் கீழ் பெர்த் கிடைக்குமா?

ரயில்பைத்தியம்

ஹோலிக்குப் பிறகு என்றால் நல்ல நேரம், ஏப்ரல் தொடுவதற்குள் திரும்பிவிடுங்கள், வெயில் ஆரம்பித்துவிடும்.

மூன்று பேரையும் ஒரே டிக்கெட்டில் போட்டால் மூத்த குடிமக்கள் ஒதுக்கீடு வராது. அம்மாவுக்கு மட்டும் தனி டிக்கெட், அந்த ஒதுக்கீட்டில் போடுங்கள், கீழ் பெர்த் கிடைக்க வாய்ப்பு அதிகம். பெண்களுக்கு 45 வயதிலிருந்தே அது உண்டு. உங்கள் இருவருக்கும் அதே பெட்டியில் தனியாக. முன்பதிவு 60 நாளுக்கு முன்னால் காலை 8 மணிக்குத் திறக்கும், முன்பு 120 நாளாக இருந்தது, பழைய கணக்கில் இருந்துவிடாதீர்கள். கட்டணச் சலுகை எதுவும் இப்போது கிடையாது, 2020-இல் நிறுத்தியது அப்படியே நிற்கிறது. திரும்பும்போது உபாத்யாயா ஜங்ஷனிலிருந்து சென்னை வழியாகப் போகும் சங்கமித்ராவைப் பாருங்கள், கயாவிலிருந்து அங்கே வருவதும் சுலபம். கங்கைச் செம்பை ஈயம் வைத்து அடைத்ததாக வாங்கி, பெர்த்துக்கு அடியில் நிமிர்த்தி வையுங்கள்.